‘ப்ரில்’ என்று முடியும் பிரஷர் குளிசை: வேலை செய்யும் விதம், எடுக்கும் முறை, நிறுத்தவேண்டிய வேளை

கிளினிக்கில் தந்த மருந்துப் பைகளை ஒருமுறை மேசையில் பரப்பிப் பாருங்கள். எனலாப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில், ரமிப்ரில், பெரிண்டோப்ரில் என்று ‘ப்ரில்’லில் முடியும் பெயர் ஏதாவது இருந்தால் நீங்கள் எடுப்பது ஏஸ் தடுப்பி. லொசார்ட்டன், டெல்மிசார்ட்டன் என்று ‘சார்ட்டன்’னில் முடிபவை இதற்கு நெருங்கிய இனம், ஆனால் வேறு மருந்து. அம்லோடிபின், நிஃபெடிபின் இரண்டும் முற்றிலும் வேறு வழியில் பிரஷரைக் குறைப்பவை.

இந்தக் குளிசை மலிவானது, 40 வருடத்துக்கு மேலாகப் புழக்கத்தில் இருப்பது, பெரும்பாலானோருக்கு ஒரு தொந்தரவும் தராதது. கெட்டுப்போவது எடுக்கும் முறையில்தான். ‘பிரஷர் 120க்கு வந்துவிட்டது, இனி எதற்கு’ என்று நிறுத்துகிறார்கள். மூன்று நாள் வயிற்றோட்டத்தில் சுருண்டு கிடக்கும்போதோ, ‘டொக்டர் சொன்னது’ என்று தவறாமல் விழுங்குகிறார்கள். நடக்கவேண்டியது இதற்கு நேர்மாறு. ஏன் என்று விளங்க, குளிசை உடம்புக்குள் செய்வதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

உள்ளே நடப்பது

சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தின் அழுத்தம் குறைந்தாலோ, உடம்பில் உப்பும் நீரும் குறைந்தாலோ, சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். ஈரலில் உண்டாகி இரத்தத்தில் திரியும் அஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை ரெனின் வெட்டுகிறது. கிடைப்பது அஞ்சியோடென்சின் 1. இது பெரிதாக ஒன்றும் செய்யாது. நுரையீரலின் இரத்தக்குழாய்ச் சுவர்களில் மிகுதியாக இருக்கும் ஏஸ் என்ற நொதி இதில் இன்னொரு துண்டை வெட்டி அஞ்சியோடென்சின் 2 ஆக்கும்போதுதான் வினை தொடங்குகிறது. அது இரத்தக்குழாய்களை இறுக்குகிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பியைத் தூண்டி அல்டோஸ்டெரோனை வரவழைக்கிறது. அல்டோஸ்டெரோன் உப்பையும் நீரையும் உடம்பிலேயே பிடித்துவைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியே தள்ளுகிறது. குழாய் இறுக, உள்ளே திரவம் கூட, பிரஷர் ஏறுகிறது.

‘ப்ரில்’ குளிசை அந்த இரண்டாவது வெட்டைத் தடுக்கிறது. குழாய்கள் தளர்கின்றன, உப்பும் நீரும் கொஞ்சம் வெளியேறுகின்றன, பிரஷர் இறங்குகிறது. பொட்டாசியம் வெளியேறுவதும் கூடவே குறைகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தப் பரிசோதனைக்கு வரும்போது அது தேவைப்படும்.

ஏஸ் நொதிக்கு இன்னொரு தொழிலும் உண்டு. பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. குளிசை ஏஸைத் தடுத்தால் பிராடிகைனின் தேங்கும். அது குழாய்களைத் தளர்த்துவதால் பிரஷருக்கு நல்லது. தொண்டைக்கும் உதட்டுக்கும் சிலவேளை நல்லதல்ல. வறட்டு இருமலும் உதடு வீக்கமும் வருவது இந்த வழியில்தான்.

மருந்து பிறந்த கதையும் பிராடிகைனினில்தான் தொடங்குகிறது. பிரேசிலின் ஜராராக்கா என்ற விரியன் பாம்பின் நஞ்சு பிராடிகைனினின் வீரியத்தைக் கூட்டுகிறது என்று சேர்ஜியோ ஃபெரெய்ரா 1965இல் எழுதினார். அந்த நஞ்சிலிருந்த புரதத் துண்டுகளைப் பார்த்து அமெரிக்காவின் ஸ்குவிப் ஆய்வுகூடத்தில் குஷ்மனும் ஒன்டெட்டியும் வடிவமைத்ததுதான் கப்டோப்ரில். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குளிசையில் பாம்பு நஞ்சு ஒரு துளியும் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் சிலர் குளிசையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

நீரிழிவோடு சிறுநீரில் புரதம் போகிறவர்கள், இதயம் பலவீனமானவர்கள், ஹார்ட் அட்டாக் வந்து தேறியவர்கள் ஆகியோருக்கு டொக்டர்கள் இந்த இனத்தை முதலில் எடுப்பதற்கு, பிரஷர் குறைவதற்கு மேலான காரணம் உண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டிகளை விட்டு இரத்தம் வெளியேறும் நுண்குழாயை அஞ்சியோடென்சின் 2 இறுக்கிவைத்திருக்கும். குளிசை அதைத் தளர்த்தும்போது வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தமும் இறங்கும். பல வருடங்களில் வடிகட்டி பழுதாகும் வேகம் குறைகிறது. ஆகவே நீரிழிவுக்காரர் ‘எனக்குப் பிரஷர் கொஞ்சம்தானே’ என்று இதை விட்டுவிடுவது, சிறுநீரகத்துக்கான மருந்தையும் சேர்த்து விடுவதுதான்.

எவ்வளவு, எப்போது

எனலாப்ரில் வழக்கமாக நாளுக்கு 5 மி.கி.யில் தொடங்கும். முதியவர், சிறுநீரகப் பழுது உள்ளவர், ஏற்கெனவே ‘சலம் போகிற குளிசை’ எடுப்பவர் என்றால் 2.5. பிறகு 10, 20 என்று ஏறலாம், உச்சம் 40. லிசினோப்ரில் 10இல் தொடங்கும். ரமிப்ரில் 2.5இல் தொடங்கி 10 வரை. பெரிண்டோப்ரிலில் இரண்டு உப்பு வடிவங்கள் உண்டு, 4 மி.கி. என்று எழுதிய ஒன்றும் 5 மி.கி. என்று எழுதிய இன்னொன்றும் ஒரே வீரியம். பார்மசியில் மாற்றித் தந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகுமுன் பெயரின் பின்னால் எர்புமின் என்றிருக்கிறதா, ஆர்ஜினின் என்றிருக்கிறதா என்று பாருங்கள். கப்டோப்ரில் மட்டும் சில மணி நேரத்தில் வேலை தீர்ந்துவிடும், அதனால் 12.5 அல்லது 25 மி.கி. நாளுக்கு இரண்டு, மூன்று வேளை.

துண்டில் ‘பி.டி.’ என்றால் இரண்டு வேளை, ‘டி.டி.எஸ்.’ என்றால் மூன்று வேளை, ‘மேனே’ காலை, ‘நொக்டே’ இரவு. விளங்காவிட்டால் கவுண்டரிலேயே நின்று கேளுங்கள். பின்னால் வரிசை நீளம்தான், ஆனாலும் கேளுங்கள்.

கப்டோப்ரிலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுக்கவேண்டும். சாப்பாடு அது உறிஞ்சப்படுவதைக் கணிசமாகக் குறைக்கும். பெரிண்டோப்ரில் காலைச் சாப்பாட்டுக்கு முன். எனலாப்ரில், லிசினோப்ரில், ரமிப்ரில் மூன்றுக்கும் சாப்பாடு ஒரு தடையில்லை. கப்டோப்ரில் போத்தலைத் திறந்தால் கந்தக வாடை வரும். அது மருந்தின் இயல்பு, பழுதாகிவிட்டது என்று வீசவேண்டாம்.

காலையா இரவா என்ற கேள்விக்கு நீண்ட காலம் வாக்குவாதம் இருந்தது. 21,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்துப் பிரித்தானியாவில் நடந்த டைம் ஆய்வு 2022இல் வெளியானது. எந்த வேளையில் எடுத்தாலும் ஹார்ட் அட்டாக்கிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காமல் எடுக்கக்கூடிய வேளையே நல்ல வேளை. ஒரே விதிவிலக்கு முதல் குளிசை. முதல் தடவை சிலருக்குப் பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றும், சலம் போகிற குளிசை எடுப்பவர்களுக்குக் கூடுதலாக. முதல் குளிசையை இரவில் படுக்கப்போகும்போது எடுங்கள். நடுவில் சலம் கழிக்க எழும்பினால் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு எழும்புங்கள்.

சில மணி நேரத்திலேயே பிரஷர் கொஞ்சம் இறங்கும். முழுப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். மூன்றாம் நாள் 150 காட்டினால் குளிசை பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

ஒரு வேளை மறந்தால், நினைவு வந்ததும் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டைச் சேர்த்து விழுங்கவேண்டாம்.

வீட்டில் அளப்பது

கிளினிக்கில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, பஸ்ஸில் வந்த களைப்போடு அளக்கும் பிரஷரை வைத்து மட்டும் டோஸ் கூட்டினால் தப்பாகிவிடலாம். வீட்டு அளவு உதவும். மேற்கைக்குக் கட்டும் மெஷினே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது அழகாக இருக்கிறது, நம்புவது கஷ்டம். கட்டும் பட்டியின் அளவு முக்கியம். சாதாரணப் பட்டி 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு. பருத்த கைக்கு அதைக் கட்டினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், பயந்துபோய்க் கூடுதல் குளிசை எடுப்பீர்கள். தையல்காரரின் அளவு நாடாவால் கையைச் சுற்றி அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சலம் கழித்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரத்துக்குள் தேத்தண்ணியோ சிகரெட்டோ கூடாது. முதுகு சாய்ந்த கதிரையில், கால்கள் தரையில் பதிந்தபடி, காலுக்குமேல் கால் போடாமல், 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கையை மேசையில் இதயத்தின் மட்டத்துக்கு வையுங்கள். சட்டைக்கு மேலே கட்டவேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் குளிசைக்கு முன், மாலையில் ஒருமுறை. 7 நாள் இப்படி எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் 135/85க்குக் கீழே இருப்பது நல்லது. கிளினிக்கில் சொல்லும் 140/90க்கு அதுவே சமம். முதல் தடவை இரண்டு கைகளிலும் அளந்து, எதில் கூடுதலோ அந்தக் கையிலேயே தொடருங்கள்.

தலையிடிக்கும்போதும் கோபத்திலும் மட்டும் அளப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதிய கொப்பியால் டொக்டருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

180/120க்கு மேல் காட்டினால் 5 நிமிடம் ஆறி மறுபடி அளங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல், பார்வை மங்கல் ஏதாவது கூடவே இருந்தால் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அடியுங்கள். வேறு ஒன்றும் இல்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால், கூடுதலாக இரண்டு குளிசையை வாயில் போட்டு இறக்கப் பார்க்கவேண்டாம். அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள்.

இரத்தப் பரிசோதனை: பலர் தவறவிடும் பாதி

பிரஷர் எண் நன்றாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பது இந்த இனக் குளிசையில் செல்லாது. தொடங்குமுன் ஒருமுறை, தொடங்கி ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் மறுபடி, டோஸ் கூட்டும் ஒவ்வொரு தடவையும் பிறகு ஒருமுறை, நிலைபெற்றபின் ஆகக் குறைந்தது வருடத்துக்கு ஒருமுறை என்று கிரியட்டினினும் (சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவு) பொட்டாசியமும் பார்க்கவேண்டும். மாத மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் இரத்தம் கொடுக்காதவர்கள் கொழும்பில் நிறையப் பேர். டொக்டர் எழுத மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

கிரியட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததே. மேலே சொன்ன வடிகட்டி அழுத்தம் இறங்குவதால், சிறுநீரகம் முன்போல வேகமாக வடிக்காது. பழைய அளவிலிருந்து 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாகக் குளிசையைத் தொடர்வார்கள். 1.0 மி.கி. இருந்தது 1.3 ஆனால் கண்காணிப்பு, 1.0 இருந்தது 1.8 ஆனால் குளிசையை நிறுத்திக் காரணம் தேடவேண்டும். இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகும் தமனிகள் சுருங்கியிருப்பவருக்கு இப்படி நடக்கும். புகைபிடித்த வரலாறும் கால் இரத்தக்குழாய் அடைப்பும் உள்ள முதியவர்களில் இதைச் சந்தேகிக்கவேண்டும். ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள். ஒரு லாப் மி.கி.யில் தரும், இன்னொன்று மைக்ரோமோலில் தரும். டெசிலீற்றருக்கு 1 மி.கி. என்பது லீற்றருக்கு ஏறத்தாழ 88 மைக்ரோமோல். வெவ்வேறு லாப்களின் ரிப்போர்ட்டுகளை ஒப்பிட்டு ‘1இலிருந்து 90க்குப் போய்விட்டது’ என்று அலற இடம் உண்டு.

பொட்டாசியம் 3.5 முதல் 5.0 வரை சாதாரணம். 5.5ஐத் தாண்டினால் டோஸைக் குறைப்பார்கள், கூட எடுக்கும் மற்ற மருந்துகளைப் பார்ப்பார்கள். 6.0 என்றால் குளிசை நின்று, அன்றே ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும். பொட்டாசியம் மிகையானால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும், முன்னறிவிப்பு ஒன்றும் இல்லாமலேயே. ஆனால் ஒரு பொய்ப் பயமும் உண்டு. இரத்தம் எடுக்கும்போது நாடாவை நீண்ட நேரம் இறுக்கிக் கட்டி, கையை மூடித் திறந்து மூடித் திறந்து செய்யச் சொன்னால், அல்லது மாதிரி லாப்புக்குப் போய்ச்சேர வெகுநேரம் ஆனால், செல்களிலிருந்த பொட்டாசியம் கசிந்து அளவு கூடக் காட்டும். எதிர்பாராத 5.8 வந்தால் உடனே இன்னொரு மாதிரி கொடுப்பது வழக்கம். தாமதம் மட்டும் கூடாது.

சாப்பாட்டில் பொட்டாசியம் என்று வரும்போது காலி வீதியில் வெட்டித்தரும் செவ்விளநீரை எல்லோரும் கேட்பார்கள். ஒரு கப் இளநீரில் ஏறத்தாழ 400 முதல் 600 மி.கி. பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் நன்றாக உள்ளவர் வெயிலில் ஒன்று குடிப்பதால் ஒன்றும் ஆகாது. நீரிழிவும் சிறுநீரகப் பழுதும் உள்ளவர், பொட்டாசியம் ஏற்கெனவே 5ஐ ஒட்டி இருப்பவர், அதை நாள்தோறும் குடிப்பதை விடவேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கும் பக்கெட்டுகளை இன்னும் கவனமாகப் பாருங்கள். அவற்றில் பல சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைட் சேர்த்தவை. பிரஷருக்கு நல்லது என்று சொல்லி விற்கும் அந்த உப்பு இந்தக் குளிசையோடு சேரக்கூடாது.

சாதாரண உப்பைக் குறைப்பதோ குளிசைக்கு உதவி. உப்பு மிகையானால் உடம்பு ரெனினைச் சுரப்பதைக் குறைக்கும், குளிசை தடுப்பதற்கு அங்கே வேலையே குறைவாக இருக்கும். நாளுக்கு 5 கிராம், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி, எல்லாம் சேர்த்து. கருவாடு, நெத்தலி, ஊறுகாய், அப்பளம், பக்கெட் சூப் கட்டிகள் இவற்றில் வருவதும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

கொலஸ்ட்ரோலுக்கும் பிரஷருக்கும் என்று பிலிம்பிச் சாறும் காமரங்காச் சாறும் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டிலும் ஒக்சலேட் மிகுதி. செறிந்த சாறாகக் குடித்தால் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடும். குளிசை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வேண்டாம்.

வறட்டு இருமல்

சளி வராது, காய்ச்சல் இருக்காது, தொண்டையில் ஏதோ கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோல் இருக்கும், இரவில் படுத்தால் கூடும். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வருகிறது, பெண்களுக்குக் கூடுதலாக. சிலருக்கு முதல் வாரத்திலேயே, சிலருக்குச் சில மாதம் கழித்து. மாதம் கழித்து வருவதால்தான் குளிசைமேல் சந்தேகம் போவதில்லை. தூசு, ஏ.சி., மழை என்று எல்லாவற்றின் மேலும் பழி விழுகிறது.

பிறகு வீட்டு வைத்தியம் தொடங்கும். அதிமதுரத்தைச் சப்பச் சொல்வார்கள், கஷாயம் போடுவார்கள். அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும். இருமலும் போகாது, பிரஷரும் கூடும், அடுத்த கிளினிக்கில் குளிசையின் டோஸ் இரட்டிப்பாகும். மூக்கடைப்புக்கும் சேர்த்து வேலை செய்யும் சில இருமல் மருந்துகளில் உள்ள சூடோஎபெட்ரினும் இதே போலப் பிரஷரைக் கூட்டுவதுதான். பாணி மருந்து எதுவும் இந்த இருமலைப் போக்காது. டோஸைக் குறைப்பதும் பொதுவாக உதவாது. எனலாப்ரிலிலிருந்து ரமிப்ரிலுக்கு மாறுவதிலும் பெரிதாகப் பலன் இல்லை, காரணம் ஒன்றே.

செய்யவேண்டியது டொக்டரிடம் ‘இருமலுக்கு முன் தொடங்கிய மருந்து இது’ என்று சொல்வது. லொசார்ட்டன் போன்ற சார்ட்டனுக்கு மாற்றுவார்கள். அது பிராடிகைனினைத் தேக்காது. குளிசையை நிறுத்தியபின் இருமல் ஒன்று முதல் நான்கு வாரத்தில் போகும், சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும். நிறுத்திய மூன்றாம் நாள் ‘இன்னும் இருமுகிறது, அப்போ குளிசை இல்லை’ என்று பழையதை மறுபடி தொடங்கவேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் எதுவானாலும் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்துவது இலங்கையில் வழக்கம். சளியில் இரத்தம், உடல் மெலிவு, இரவு வியர்வை, படுத்தால் மூச்சுமுட்டல் ஏதாவது இருந்தால் குளிசைமேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது.

உதடு வீங்கினால்

அரிதுதான், ஆயிரத்தில் சிலருக்கு. ஆனால் உயிருக்கு ஆபத்தானது. உதடு, நாக்கு, கண் இமை, முகம் திடீரென்று தடிக்கும். பெரும்பாலும் சொறி, தடிப்பு இருக்காது. முதல் வாரத்திலும் வரலாம், ஐந்து வருடம் ஒழுங்காக எடுத்தவருக்கும் வரலாம். குரல் மாறினால், எச்சில் விழுங்கமுடியாவிட்டால், மூச்சு இரைந்தால் 1990க்கு அழைத்து அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குளிசைப் பையைக் கையோடு எடுத்துப்போங்கள். இது வழக்கமான ஒவ்வாமை இல்லை என்பதால் பிரிட்டோன் போன்ற ஒவ்வாமைக் குளிசை பெரிதாக வேலை செய்யாது, அதைக் கொடுத்துவிட்டு வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. வீக்கம் தானாக வற்றிவிட்டாலும் அந்தக் குளிசையை இனி ஒருபோதும் எடுக்கக்கூடாது, வேறு ‘ப்ரில்’ எதையும்கூட. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதச் சொல்லுங்கள்.

கணுக்கால் வீக்கம் வேறு விஷயம். அது பெரும்பாலும் அம்லோடிபினால் வருவது.

காய்ச்சல், வயிற்றோட்டம், விரதம்

உடம்பில் நீர் வற்றும்போது பிரஷரையும் சிறுநீரக வடிகட்டலையும் தூக்கிப்பிடித்திருப்பது அஞ்சியோடென்சின் 2தான். குளிசை அந்தப் பிடியை எடுத்துவிட்டிருக்கிறது. அதனால் வயிற்றோட்டம், சத்தி, ஒன்றும் குடிக்கமுடியாத காய்ச்சல் வந்தால் சிறுநீரகம் சட்டென்று படுத்துவிடலாம். சலம் போகிற குளிசையும் கூட இருந்தால் ஆபத்து கூடும். அதற்குமேல் உடம்பு உளைவுக்கு டைக்ளோஃபெனக்கோ ஐபுப்ரூஃபெனோ சேர்ந்தால் மூன்றும் சேர்ந்த அந்தக் கூட்டணி சிறுநீரகத்துக்கு மிக மோசமானது.

நல்லாக இருக்கும்போதே டொக்டரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதிவையுங்கள்: இப்படி வந்தால் எந்தெந்தக் குளிசையை நிறுத்துவது? வழக்கமான அறிவுரை, சாப்பிட்டுக் குடிக்கமுடியாத நாட்களில் ப்ரில் குளிசையையும் சலம் போகிற குளிசையையும் நிறுத்தி, சாதாரணமாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்துக்குப் பிறகு பழைய டோஸில் தொடங்குவது. இதயம் பலவீனமானவர்கள் தாங்களாக முடிவெடுக்காமல் தொலைபேசியிலாவது கேட்கவேண்டும். லேசான தடிமனுக்கு எதையும் நிறுத்தத் தேவையில்லை.

டெங்கு காலத்தில் காய்ச்சலென்றால் வலிக்குப் பனடோல் மட்டும். வைத்தியசாலையில் சேர்ந்தால் ‘பிரஷர் குளிசை எடுக்கிறேன், கடைசியாக நேற்று இரவு எடுத்தேன்’ என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். டெங்குவில் குழாய்களிலிருந்து நீர் கசியும் கட்டத்தில் பிரஷர் தானாகவே விழும்.

நோன்பு பிடிப்பவர்கள், ஒரு வேளைக் குளிசையாக இருந்தால் இஃப்தாருக்குப் பிறகு எடுக்கலாம். கப்டோப்ரில் மூன்று வேளை எடுப்பவர் ரமழானுக்கு முன்பே போய் ஒரு வேளைக் குளிசைக்கு மாற்றிக்கொள்ளவேண்டும், முதல் நோன்பன்று யோசித்தால் பிந்திவிடும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்க எண்ணுபவர்கள், ஆடிவேல் தேரோடு வெயிலில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடப்பவர்கள், இருவருக்கும் மேலே சொன்ன அதே கணக்குத்தான். நீர் குடித்து நடந்தால் குளிசை எடுக்கலாம். நீரே இல்லாத விரதத்தில் குளிசையைத் தொடர்வதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சேரக்கூடாதவை

முழங்கால் வலிக்குப் பார்மசியில் துண்டு இல்லாமலே வாங்கும் டைக்ளோஃபெனக்தான் முதல் எதிரி. ஓரிரு நாள் எடுத்தாலே பிரஷர் குளிசையின் பலன் மங்கும், வாரக்கணக்கில் எடுத்தால் சிறுநீரகம். பூசும் ஜெல்லில் ஆபத்து மிகக் குறைவு. ஹார்ட்டுக்குத் தரும் 75 அல்லது 100 மி.கி. அஸ்பிரினை இந்தக் காரணத்துக்காக நிறுத்தவேண்டாம்.

பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரோனோலக்டோனும் பொட்டாசியம் குளிசையும் டொக்டர் தெரிந்தே தந்தால் ஒழிய வேண்டாம், தந்தாலும் இரத்தப் பரிசோதனை அடிக்கடி. சலக்கடுப்புக்குத் தரும் கோட்ரைமொக்ஸசோல் என்ற அன்டிபயோட்டிக்கும் பொட்டாசியத்தை ஏற்றும். மனநோய்க்குத் தரும் லித்தியம் எடுப்பவருக்கு அதன் அளவு இரத்தத்தில் கூடும். இதய பலவீனத்துக்கு சகுபிட்ரில் கலந்த புதிய குளிசைக்கு மாற்றினால், கடைசி ப்ரில்லுக்கும் அதற்கும் நடுவில் 36 மணி நேரம் விடவேண்டும். இல்லாவிட்டால் உதடு வீக்கம் வரும் வாய்ப்பு கூடும்.

ப்ரில்லும் சார்ட்டனும் சேர்த்து எடுத்தால் இரட்டை நன்மை என்று ஒருகாலம் நினைத்தார்கள். 2008இல் வந்த ஒன்டார்கெட் ஆய்வில் ரமிப்ரிலையும் டெல்மிசார்ட்டனையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் நன்மை இல்லை, சிறுநீரகக் கோளாறும் மயக்கமும்தான் கூடின. வேண்டுமென்று யாரும் இப்போது சேர்ப்பதில்லை, தெரியாமல் சேருவதே நடக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் எனலாப்ரில் வாங்குகிறார், இடையில் தனியார் டொக்டரிடம் காட்டி அவர் வர்த்தகப் பெயரில் எழுதிய பெரிண்டோப்ரிலையோ லொசார்ட்டனையோ வாங்குகிறார், இரண்டையும் விழுங்குகிறார். பெட்டியில் வர்த்தகப் பெயர் பெரிதாகவும் மருந்தின் உண்மையான பெயர் கீழே சின்ன எழுத்திலும் இருக்கும். சின்ன எழுத்தைப் படியுங்கள். அம்லோடிபினோடு அல்லது சலம் போகிற மருந்தான இன்டபமைடோடு கலந்த குளிசைகளும் உண்டு, அவற்றில் ஒரு பெயரை மட்டும் பார்த்து விட்டுவிடக்கூடாது.

கருத்தரிக்க எண்ணுபவர்கள்

கர்ப்பத்தில் இந்தக் குளிசை கூடாது. குழந்தையின் சிறுநீரகம் வளர்வதையே தடுத்து, பனிக்குட நீரைக் குறைத்து, குழந்தையை இழக்கவும் காரணமாகும், மூன்றாம் மாதத்துக்குப் பிறகு முக்கியமாக. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மாற்றிக்கொள்வது நல்லது. மெதில்டோபா, நிஃபெடிபின், லபெட்டலோல் போன்றவை கர்ப்பத்துக்குப் பழகியவை. நாள் தள்ளிப்போனால், மிட்வைஃப் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே சோதித்து டொக்டரைப் பாருங்கள். பயந்து எல்லாக் குளிசையையும் நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருப்பதும் தாய்க்கு ஆபத்து.

வாங்குவதும் வைப்பதும்

கிளினிக் துண்டில் வர்த்தகப் பெயர் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயர் இருப்பதற்குப் பேராசிரியர் சேனக பிபிலேக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அவர் முதல் தலைவராக இருந்து 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடைகள்தான் ஒசுசல. கிளினிக்கில் மருந்து முடிந்துவிட்டது, வெளியே வாங்கச் சொன்னார்கள் என்றால், லிப்டன் சுற்றுவட்டத்தில் உள்ள ஒசுசலயில் பொதுப்பெயரைச் சொல்லிக் கேட்கலாம். அந்த ப்ரில் இல்லாமல் வேறு ப்ரில் இருந்தால் மி.கி. எண்ணை அப்படியே வைத்து மாற்றக்கூடாது. எனலாப்ரில் 10ம் ரமிப்ரில் 10ம் ஒன்றல்ல. மாற்று டோஸை டொக்டர்தான் எழுதவேண்டும்.

கடதாசிப் பையில் தரும் குளிசைகள் கொழும்புப் புழுக்கத்தில் ஈரம் இழுக்கும். காய்ந்த, இறுக மூடும் போத்தலில், பையோடு சேர்த்தே போடுங்கள், பெயரும் டோஸும் அதில்தானே இருக்கின்றன. குளியலறையும் அடுப்படியும் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம். வெள்ளித்தாள் அட்டையில் உள்ளவற்றை உரித்து டப்பாவில் கொட்டிவைக்காமல், கத்தரிக்கோலால் அட்டையோடு வெட்டி வையுங்கள். நிறம் மாறிய, பொடிந்த குளிசையை எடுக்கவேண்டாம்.

ஒப்பரேஷன் இருந்தால் மயக்க மருந்து டொக்டரிடம் இந்தக் குளிசையைப் பற்றிச் சொல்லுங்கள். பெரும்பாலும் 24 மணி நேரம் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள், மயக்கத்தில் பிரஷர் கட்டுப்படாமல் விழுவதைத் தவிர்க்க. பல் பிடுங்குவது போன்ற, ஊசியால் மரத்துப்போகச் செய்யும் சின்ன வேலைகளுக்கு வழக்கம்போல எடுத்துவிட்டே போகலாம்.